காற்று எழும்பினால் கிளம்பாதீர்கள்

வாசகர் கேள்வி–பதில். இந்த இதழில்: கனடாவின் பிரெய்ரி சமவெளியில் பனிப்புயல். பதில் எழுதுபவர், தெற்கு சஸ்காட்செவனில் ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரப் பண்ணை வீடுகளுக்குக் காரில் போய் முதியவர்களையும் நோயாளிகளையும் கவனித்துவரும் செவிலியர்.

கேள்வி: பிராம்ப்டனில் பல வருடமாகக் கார் ஓட்டுகிறேன். பனி எனக்குப் புதிதில்லை. இப்போது வேலை மாற்றலாகி ஸ்விஃப்ட் கரன்ட் பக்கம் குடும்பத்தோடு போகிறோம். அங்கே இருப்பவர்கள் "இது வேறு மாதிரி பனி" என்கிறார்கள். அப்படி என்ன வேறு?
– வாசகர், பிராம்ப்டன்

பதில்: விழும் அளவைப் பார்த்தால் நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை. ஒன்ராறியோவின் ஏரியோர ஊர்கள் பலவற்றில் ஒரு வருடத்தில் விழும் பனி, ரெஜைனாவில் விழுவதைவிட நிறைய. இங்கே ஆபத்து காற்றில் இருக்கிறது. ராக்கி மலையை விட்டு இறங்கிய காற்றைத் தடுக்க இந்தத் தெற்குப் பகுதியில் மலையும் இல்லை, காடும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை அறுவடை முடிந்த வயல்தான்.

பிரெய்ரியில் பனிப்புயல் எச்சரிக்கை கொடுக்க, கனடா சுற்றுச்சூழல் துறை மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. காற்று மணிக்கு 40 கிலோமீட்டரோ அதற்கு மேலோ வீச வேண்டும். பார்வை 400 மீட்டருக்குள் சுருங்க வேண்டும். இரண்டும் குறைந்தது 4 மணி நேரம் நீடிக்க வேண்டும். எத்தனை சென்டிமீட்டர் பனி விழ வேண்டும் என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. போன வாரம் விழுந்து வயலில் கிடக்கும் பனியே போதும். இங்கே குளிர் அதிகம் என்பதால் பனி ஈரமில்லாமல் மாவு போல இருக்கும். காற்று அதை அப்படியே கிளப்பிவிடும். தலைக்கு மேலே நீல வானமும் வெயிலும் இருக்கும்; கார் கண்ணாடி மட்டத்தில் சாலையே இருக்காது. இந்தத் தரைப் புயலை ஒன்ராறியோவில் நகரத்துக்குள் ஓட்டியவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் பனி எங்கே சேரும் என்பதையும் இங்கே வேறு மாதிரி கணக்குப் போட வேண்டும். காற்றின் வேகம் எங்கே குறைகிறதோ அங்கே சுமையை இறக்கிவிட்டுப் போகும். மரவரிசைக்குப் பின்னால், நிறுத்தி வைத்த லாரிக்குப் பின்னால், மேட்டை வெட்டிப் போட்ட சாலைப் பள்ளத்தில். அரை மணி நேரம் வெறும் தார் தெரிகிற சாலையில் போய்க்கொண்டிருப்பீர்கள், ஒரு வளைவு திரும்பியதும் இடுப்புயரத்துக்கு ஒரு பனிமேடு குறுக்கே கிடக்கும். காற்று அடித்து இறுக்கிய மேடு அது, மேலே ஏறி நடக்கலாம், அவ்வளவு கெட்டி. வயலைவிட உயர்த்திப் போட்ட சாலைகளைக் காற்றே பெருக்கிவிடும். பள்ளத்தில் போகும் பழைய சாலைகள்தான் முதலில் அடைபடும். புது ஊரில் வந்து இறங்கியதும் அக்கம்பக்கத்தில் கேளுங்கள்: "எந்த ரோடு முதலில் மூடும்?" பதில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

கேள்வி: என் மகன் மானிட்டோபாவில் ஒரு சின்ன ஊரில் வேலை பார்க்கிறான். "இன்று மைனஸ் 42" என்று செய்தி அனுப்பினான். இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. அந்தக் குளிரில் மனிதர்கள் வெளியே போவார்களா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: அம்மா, முதலில் அவரிடம் ஒன்று கேளுங்கள்: அது வெப்பமானியில் பார்த்ததா, காற்றையும் சேர்த்துச் சொன்ன கணக்கா? பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும். வெப்பநிலை மைனஸ் 26 இருந்து, மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றும் அடித்தால், தோலுக்கு அது காற்றில்லாத மைனஸ் 42 போலத்தான் இருக்கும். விண்ட் சில் என்று வானொலியில் சொல்வது இதைத்தான். இப்போது கனடாவும் அமெரிக்காவும் பயன்படுத்தும் கணக்கு 2001-ல் வந்தது. தொண்டர்களை முகத்தில் கருவி பொருத்திக் குளிர்காற்று அறையில் நடக்கவிட்டு, அதைச் சரிபார்த்தார்கள்.

வெளியே போவார்கள், அம்மா. வேலைக்குப் போவார்கள், மாட்டுக்குத் தீவனம் போடுவார்கள், குழந்தைகள் விளையாடவும் செய்வார்கள். எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. விண்ட் சில் மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். மைனஸ் 40-க்குக் கீழே 5 முதல் 10 நிமிடம். மைனஸ் 48-க்குக் கீழே 2 முதல் 5 நிமிடம்தான். கார் நிறுத்துமிடத்திலிருந்து கடை வாசலுக்கு நடக்கும் நேரம் அது.

உங்கள் மகனுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். வேர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, நின்றதும் உடம்பைக் குளிர வைத்துவிடும். கம்பளியோ, குளிருக்கென்றே வரும் செயற்கை நூல் உள்ளாடையோ போடட்டும். விரல் பிரிந்த கையுறையைவிட நாலு விரலும் ஒன்றாகப் போகும் கையுறை சூடு தரும். பூட்ஸ் கொஞ்சம் பெரியதாகவே இருக்கட்டும். இறுக்கிப் போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்தான் முதலில் போகும். காதில் கடுக்கன் போடுகிறவர் என்றால் குளிர்காலத்தில் கழற்றிவிடச் சொல்லுங்கள். உலோகம் தோலைச் சீக்கிரம் குளிர வைக்கும்.

மூக்கு நுனி, காது மடல், கன்னம் இவற்றில் வெள்ளையாக, மெழுகு பூசியது போல ஒரு திட்டு தெரிந்து, தொட்டால் உணர்ச்சி இல்லாமல் இருந்தால், உறைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். தேய்க்கவே கூடாது. உள்ளே போய், உடம்புச் சூட்டை ஒட்டிய வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்க வேண்டும். அடுப்புக்கு நேராகக் காட்டக் கூடாது, மரத்துப் போன தோலுக்குச் சுடுவது தெரியாது. உணர்ச்சி திரும்பும்போது வலிக்கும். திரும்பவில்லை என்றாலோ, கொப்புளம் வந்தாலோ உடனே மருத்துவமனை. தன் முகம் தனக்குத் தெரியாது என்பதால், வெளியே வேலை செய்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வது இங்கே பழக்கம். அவருக்கும் அப்படி ஒரு ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேளுங்கள். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதைவிட அந்தக் கேள்வி உங்கள் மகனுக்கு உதவும்.

கேள்வி: மூஸ் ஜா பக்கத்தில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்து வந்திருக்கிறேன். இரவு ஷிஃப்ட் முடிந்து 30 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். புயலில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது? தூரத்தில் வீட்டு வெளிச்சம் தெரிந்தால் நடந்து போய்விடலாமா?
– வாசகர், மூஸ் ஜா

பதில்: நடக்காதீர்கள், தம்பி. இந்தப் பக்கம் முழுவதிலும் நான் சொல்வதில் ஒன்றே ஒன்றுதான் நினைவில் இருக்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். வண்டியை விட்டு இறங்கி நடக்காதீர்கள்.

அந்த வெளிச்சம் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். சமவெளியில் இரவு வெளிச்சம் பல கிலோமீட்டர் தாண்டியும் தெரியும். பத்தடி வைப்பதற்குள் காற்று திசை மாற்றிப் பனியைக் கிளப்பும், வெளிச்சம் மறையும், திரும்பிப் பார்த்தால் கார் இருக்காது. காலடித் தடம் ஒரு நிமிடத்தில் நிரம்பிவிடும். சாலைக்கும் வயலுக்கும் வித்தியாசம் தெரியாது. முன்காலத்தில் இங்கே குடியேறியவர்கள் வீட்டுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவே கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டுதான் புயலில் போய் வந்தார்கள். தினமும் நடந்த சொந்த முற்றத்திலேயே வழி தவறும் என்பது அவர்களுக்குத் தெரியும். தேடி வருகிறவர்கள் கண்ணில் கார் படும். பனியில் விழுந்து கிடக்கும் ஆள் படமாட்டார்.

நான் மாட்டிக்கொண்டதைச் சொல்கிறேன். ஒரு ஜனவரி மாலை, ஒரு பாட்டிக்குக் காலில் புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு அடுத்த பண்ணைக்குக் கிளம்பினேன். புயல் நள்ளிரவில்தான் என்று முன்னறிவிப்பு சொல்லியிருந்தது. பாதி வழியில் வடமேற்கு அடிவானம் காணாமல் போனது. அதற்குப் பிறகு சில நிமிடத்தில் கார் முகப்பே தெரியவில்லை. ஊர்ந்து போய்ப் பார்த்தேன், சாலை ஓரம் எது என்று தெரியாததால் நிறுத்திவிட்டேன். நாலு பக்கமும் சிமிட்டும் விளக்கைப் போட்டேன். கிளம்பும் முன்பே அடுத்த வீட்டுக்கு ஃபோன் செய்து, எந்த கிரிட் ரோடு (வயல்களுக்கு நடுவே கட்டம் கட்டமாகப் போட்ட ஊரகச் சாலை) வழியாக வருகிறேன், எத்தனை மணிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். இது எங்கள் வேலையில் கட்டாயப் பழக்கம்.

முதல் வேலையாகப் புகைக்குழாய். இறங்கி, காரைத் தொட்டுக்கொண்டே பின்னால் போய், குழாயைச் சுற்றியிருந்த பனியைத் தள்ளினேன். பனி அதை அடைத்துவிட்டால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் வரும். நிறமும் இல்லை, மணமும் இல்லை; தூக்கம் வருவது போல இருக்கும், அவ்வளவுதான். அதனால் மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் இன்ஜினை ஓடவிட்டேன். ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் இறங்கிக் குழாயைச் சுத்தம் செய்தேன். இன்ஜின் ஓடும்போது, காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அகலம் இறக்கி வைத்தேன். மீதி நேரம் கம்பளிக்குள், கைகாலை அசைத்துக்கொண்டே இருந்தேன். ஃபோனைச் சட்டைக்குள் வைத்திருந்தேன், குளிரில் பேட்டரி திடீரென்று இறங்கிவிடும்.

நான் வந்து சேரவில்லை என்றதும் அந்த வீட்டுக்காரர் பாட்டி வீட்டுக்கு ஃபோன் செய்திருக்கிறார். கிளம்பிவிட்டாள் என்று தெரிந்தது. எந்த ரோடு என்பதும் தெரியும். காற்று கொஞ்சம் தணிந்த இடைவெளியில் பாட்டியின் பேரன் டிராக்டரை எடுத்துக்கொண்டு அந்த ரோட்டில் மெதுவாக வந்தார். மணி ஒன்பதை ஒட்டி அவருடைய விளக்கு தெரிந்தது. வேறு ரோட்டில் போயிருந்தாலோ, யாரிடமும் சொல்லாமல் போயிருந்தாலோ, அவர் எங்கே வந்து தேடுவார்?

ஆகவே தம்பி, ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது ஒருவரிடம் வழியும் நேரமும் சொல்லிவிட்டுப் போங்கள். வந்து சேர்ந்ததும் மறுபடி சொல்லுங்கள். குளிர்காலத்தில் பெட்ரோல் பாதித் தொட்டிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். வண்டிக்குள்ளே, பின் டிக்கியில் இல்லாமல் கைக்கெட்டும் இடத்தில், ஒரு மண்வாரி, உறங்கும் பை அல்லது கனத்த கம்பளி, தலைவிளக்கு, சாப்பிட ஏதாவது, ஆழமான தகர டப்பாவில் மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, டயருக்கடியில் போட ஒரு பை மணல் இருக்கட்டும். மெழுகுவர்த்தி ஏற்றினாலும் கண்ணாடி இடுக்கு வேண்டும். சாலைச் சந்திப்புகளில் எண் பலகை இருக்கும். டவுன்ஷிப் ரோடு (கிழக்கு மேற்காகப் போவது) எத்தனை, ரேஞ்ச் ரோடு (வடக்கு தெற்காகப் போவது) எத்தனை என்று போகிற வழியில் பார்த்துக்கொண்டே போங்கள். அவசர உதவிக்கு 911-க்கு அழைத்தால் "மூஸ் ஜாவுக்குத் தெற்கே எங்கேயோ" என்று சொல்லி யாரையும் வரவழைக்க முடியாது.

வண்டியைத் தோண்டி எடுக்கிறேன் என்று வேர்க்க வேர்க்கப் பனி வாராதீர்கள். நனைந்த உடம்பு சீக்கிரம் குளிரும். நடுக்கம் இருக்கும்வரை உடம்பு போராடுகிறது. நடுக்கம் நின்று, பேச்சு குழறி, விரலால் ஜிப்பைக்கூட இழுக்க முடியாமல் போனால் நிலைமை மோசம். பக்கத்தில் இருப்பவருக்கு அப்படி ஆனால் அவரைத் தூங்க விடாமல், ஒரே கம்பளிக்குள் சேர்ந்து உட்காருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எச்சரிக்கை வந்த இரவில், ஹோட்டலிலேயே தங்க ஓர் அறையோ சோஃபாவோ கிடைக்குமா என்று முதலாளியிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். புதிதாக வந்தவர்கள் கேட்கத் தயங்குகிறார்கள். இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் தயங்குவதில்லை, புயல் என்றால் இருந்த இடத்தில் இருந்துவிடுவார்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கேள்வி: சஸ்கட்டூனில் கார் முகப்பில் எல்லாம் மின்சார பிளக் தொங்குகிறதே, எதற்கு?
– மாணவி, சஸ்கட்டூன்

பதில்: அது பிளாக் ஹீட்டர். இன்ஜினைச் சூடாக வைக்கும் சின்ன மின்சார ஹீட்டர். மைனஸ் 15-க்குக் கீழே போகும் என்றால், கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னால் செருகிவிடுங்கள். டைமர் வைத்தால் இரவெல்லாம் ஓட வேண்டியதில்லை. பழைய கார் வாங்குகிறீர்கள் என்றால் ஹீட்டர் வேலை செய்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கண்ணாடி கழுவும் திரவமும் மைனஸ் 40-க்கு உறையாததாக இருக்கட்டும்.

கேள்வி: பிராண்டனுக்கு வெளியே வாடகை வீடு. புயல் அடிக்கும்போது வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்று நின்று போகிறது. மறுநாள் சரியாகிவிடுகிறது. வீட்டுக்காரர் "காற்றுதான் காரணம்" என்கிறார். இதை அப்படியே விடலாமா?
– வாசகர், மானிட்டோபா

பதில்: விடக் கூடாது. இப்போதைய ஃபர்னஸ்களுக்குப் பெரும்பாலும் கூரைப் புகைபோக்கி கிடையாது. பக்கச் சுவரில், தரையிலிருந்து கொஞ்ச உயரத்தில், இரண்டு பிளாஸ்டிக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று காற்றை உள்ளே இழுக்கும், இன்னொன்று புகையை வெளியே விடும். காற்று நேராக அடிக்காத மறைவுப் பக்கத்தில் அவை இருந்தால், பனிமேடு சரியாக அங்கேதான் சேரும். குழாய் அடைபட்டதும் உள்ளே இருக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் ஃபர்னஸை நிறுத்திவிடும். அது நல்லதற்குத்தான் நிற்கிறது. புயலுக்கு இடையில், வாசலை ஒட்டி நடந்து போகும் தூரம் என்றால் மட்டும், போய்க் குழாயைச் சுற்றிப் பனியைக் கையால் விலக்குங்கள். எரிவாயு மீட்டரையும் அப்படியே, மென்மையான துடைப்பத்தால். மண்வாரியால் அடிக்காதீர்கள். ஒவ்வொரு புயலிலும் அடைகிறது என்றால் குழாயை உயர்த்திப் போட வேண்டும். அது வீட்டுக்காரரின் பொறுப்பு, தயங்காமல் கேளுங்கள்.

செவிலியராக நான் அதிகம் கவலைப்படுவது கார்பன் மோனாக்சைடு பற்றி. படுக்கை அறைக்குப் பக்கத்தில் அதற்கான அலாரம் இல்லை என்றால் இன்றே வாங்குங்கள். வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்குத் தலைவலி, குமட்டல், வெளியே போனால் சரியாகிறது என்றால் அதைச் சளிக்காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள். எல்லாரும் வெளியே வந்து 911-க்கு அழையுங்கள். கரி அடுப்பு, ஜெனரேட்டர் இரண்டையும் வீட்டுக்குள்ளும் கராஜுக்குள்ளும் ஓட்டவே கூடாது, கராஜ் கதவு திறந்திருந்தாலும்.

மின்சாரம் போனால் எரிவாயு ஃபர்னஸும் நின்றுவிடும். அதன் விசிறிக்கு மின்சாரம் வேண்டும். ஒரு சின்ன அறையைத் தேர்ந்தெடுத்து எல்லாரும் அங்கே இருங்கள், கதவிடுக்கில் துண்டு வையுங்கள். குழாயில் தண்ணீர் நூலாக ஒழுகட்டும், உறைவது தள்ளிப்போகும். கிணற்றுத் தண்ணீர் என்றால் மின்சாரம் போனதும் மோட்டாரும் நிற்கும், ஆகவே முன்னாலேயே பிடித்து வையுங்கள். மண்வாரியை வீட்டுக்குள் வையுங்கள். வெளியே வைத்துவிட்டு, பனி அடைத்த கதவைத் திறக்க முடியாமல் தவித்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஆக்சிஜன் இயந்திரத்தில் இருப்பவர்களுக்கு மின்சாரம் இல்லாமல் ஓடும் சிலிண்டர் ஒன்று கையிருப்பில் இருக்க வேண்டும். இன்சுலினை ஜன்னலோரம் வைக்காதீர்கள், உறைந்தால் அது வீண். தினசரி மருந்து எப்போதும் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கட்டும். மருந்து தீர்ந்த நாளும் புயலும் சேர்ந்து வரும்போதுதான் யாராவது அந்த ரோட்டில் வண்டி எடுக்கிறார்கள்.

கேள்வி: அந்தக் குளிரில் மாடுகள் வெளியே நிற்பதைப் பார்த்தால் மனது வலிக்கிறது. கொட்டகையில் கட்டக் கூடாதா?
– வாசகி, எட்மன்டன்

பதில்: எனக்கும் முதல் குளிர்காலத்தில் அப்படித்தான் இருந்தது. பண்ணைக்காரர்கள் சொல்லித்தான் புரிந்தது. மாட்டின் முதுகில் பனி உருகாமல் கிடந்தால் அதன் ரோமம் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது என்று அர்த்தம். உலர்ந்த ரோமமும், வயிறு நிறைய வைக்கோலும் தீவனமும், காற்றுத் தடுப்பும் இருந்தால் கடுங்குளிரைத் தாங்கும். மூடிய கொட்டகையில் நெருக்கி வைத்தால் ஈரமும் நுரையீரல் நோயும் வரும். குளிர் கூடும் நாட்களில் தீவனத்தைக் கூட்டுவார்கள், படுக்க உலர்ந்த வைக்கோல் விரிப்பார்கள்.

காற்றுத் தடுப்பில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இடைவெளியே இல்லாத சுவர் கட்டினால் காற்று மேலே ஏறிக் குதித்து, பின்னால் சுழன்று, மாடு நிற்கும் இடத்திலேயே பனியைக் கொட்டும். பலகைகளுக்கு நடுவே ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி விட்டால் காற்று வடிகட்டினது போல மெதுவாக உள்ளே வரும், பனி தள்ளி விழும். பண்ணை முற்றங்களைச் சுற்றி இருக்கும் மரவரிசைகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. கரகானா என்ற முள்புதர், மேப்பிள், ஸ்ப்ரூஸ் என்று வரிசை வரிசையாக நட்டார்கள். அதற்கென்றே சஸ்காட்செவனில் இந்தியன் ஹெட் என்ற ஊரில் மத்திய அரசு 1901-ல் நாற்றுப் பண்ணை தொடங்கி, 60 கோடிக்கும் மேற்பட்ட மரக்கன்றுகளைப் பிரெய்ரி முழுக்கக் கொடுத்தது. 2013-ல் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். பெரிய இயந்திரம் திரும்ப இடைஞ்சல் என்று இப்போது பழைய வரிசைகளைப் பிடுங்குகிறார்கள். நான் போகும் ஒரு ரோட்டில், வயல் நடுவே இருந்த மரவரிசை போன பிறகு அந்தக் கிலோமீட்டர் முழுக்க வெள்ளைச் சுவராகிவிடுகிறது. பிடுங்குகிறவர்களுக்கு அவர்களுடைய கணக்கு இருக்கும், விவசாயம் இன்று எளிதில்லை. ஆனாலும் அந்த மரங்களை இழப்பது தவறு என்றுதான் நான் நினைக்கிறேன்.

தாய் மாடுகளைப் பற்றி வருந்த வேண்டாம், கன்றுகளைப் பற்றித்தான் இங்கே எல்லாருக்கும் கவலை. புயலில் பிறக்கும் ஈரக் கன்றுக்குக் காதும் வாலும் உறைந்து போகும். கட்டுப் போடப் போன ஒரு வீட்டில், துணி துவைக்கும் அறையில் துண்டு விரித்து ஒரு கன்றைப் படுக்க வைத்து, வீட்டுக்கார அம்மா தலை உலர்த்தும் கருவியால் அதன் காதை உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "முதலில் இவன், அப்புறம் என் கணவர்" என்றார். கணவரும் படுக்கையிலிருந்தே ஆமோதித்தார்.

கேள்வி: பையன் பள்ளி திறந்திருக்கிறது, ஆனால் பஸ் ஓடவில்லை என்கிறார்கள். காலையில் வெயில் வேறு. நானே காரில் கொண்டுபோய் விடலாம்தானே?
– ஒரு தந்தை, வேபர்ன்

பதில்: பஸ் ஏன் ஓடவில்லை என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். வெறும் குளிர் காரணமாக நிறுத்தியிருந்தால் நீங்கள் ஊருக்குள்ளேயே இருந்தால் போகலாம். மதியம் காற்று எழும்பும் என்று நிறுத்தியிருந்தால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். காலை வெயில் எதையும் உறுதி செய்யாது. 1888 ஜனவரி 12 அன்று, எல்லைக்குத் தெற்கே டகோட்டாவிலும் நெப்ராஸ்காவிலும் காலை இதமாக இருந்தது. பிள்ளைகள் கனத்த உடை இல்லாமல் பள்ளிக்குப் போனார்கள். புயல் திடீரென்று வந்து விழுந்தது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் பள்ளியிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் நிறையப் பேர்.

நீங்கள் பண்ணைப் பக்கம் குடியிருந்தால், ஊருக்குள் ஒரு புயல் வீடு ஏற்பாடு செய்து வையுங்கள். பிள்ளை பள்ளியில் இருக்கும்போது ரோடு அடைபட்டால், இரவு தங்க ஊருக்குள் ஒரு குடும்பத்தைப் பள்ளியில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. ஒரு நாள் மாலை பையனோடு போய் அந்த வீட்டுக்காரர்களைப் பார்த்துவிட்டு வாருங்கள், தெரிந்த முகமாக இருக்கும்.

கேள்வி: 1947-ல் பெரிய புயல் வந்ததாக இங்கே வயதானவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– வாசகர், ரெஜைனா

பதில்: உண்மை. ஜனவரி 30-ல் தொடங்கி பிப்ரவரி 8 வரை நீடித்தது. ரெஜைனாவுக்குள் வரும் நெடுஞ்சாலைகள் எல்லாம் அடைபட்டன. ஒரு ரயில், ஒரு கிலோமீட்டர் நீளமும் 8 மீட்டர் உயரமும் கொண்ட பனிமேட்டுக்குள் புதைந்தது. மூஸ் ஜா பக்கம் ஒருவர் மாட்டுக்குத் தீவனம் போட, கொட்டகைக் கூரையில் ஓட்டை போட்டு இறங்கினார். வின்னிபெக்காரர்களைக் கேட்டால் 1966 மார்ச் 4-ஐச் சொல்வார்கள். 35 சென்டிமீட்டர் பனி, மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய காற்று. 1997 ஏப்ரல் புயலையும் மறக்க மாட்டார்கள். ஏற்கெனவே நிறைந்திருந்த சிவப்பாற்றுப் பள்ளத்தாக்கில் அது கொட்டிய பனியும் சேர்ந்து உருகி, அந்த நூற்றாண்டின் பெரிய வெள்ளமானது.

இதே பனியைத்தான் விவசாயிகள் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பண்ணைக் குட்டைகளை நிரப்புவது வசந்தத்தில் உருகி ஓடும் பனித் தண்ணீர்தான். அறுவடைக்குப் பிறகு பயிரின் அடித்தாளை உயரமாக விட்டு வைப்பதில் ஒரு காரணம், வயலில் பனியைப் பிடித்து வைப்பது. பனி இல்லாத குளிர்காலம் போனால் மே மாதத்தில் இங்கே முகங்கள் வாடியிருக்கும்.

கேள்வி: கல்யாணமாகி வந்து இது முதல் குளிர்காலம். கணவருக்கு இரவு வேலை. போன புயலில் இரண்டு நாள் தனியாக இருந்தேன். ரேடியோ "நெடுஞ்சாலை திறந்துவிட்டது" என்றது, அவரும் கிளம்பிவிட்டார், ஆனால் எங்கள் ரோட்டில் மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் வந்தார். யாரை நம்புவது?
– வாசகி, ஸ்விஃப்ட் கரன்ட் அருகே

பதில்: ரேடியோ சொன்னது சரிதான், அம்மா. நெடுஞ்சாலை மாகாண அரசின் பொறுப்பு. அதன் நிலவரத்தை ஹைவே ஹாட்லைன் சொல்லும். "பயணம் உகந்ததல்ல" என்று போட்டிருந்தால் கிளம்பாதீர்கள், "மூடப்பட்டது" என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டுக்கு வரும் கிரிட் ரோடு, ஊரக நகராட்சியுடையது. அதைச் சுத்தம் செய்வது அவர்களுடைய கிரேடர், அதாவது சாலையைச் சமன் செய்து பனியைத் தள்ளும் வண்டி. ஒரே ஆள் ஒரே வண்டியில் பல மைல் ரோடு பார்க்க வேண்டியிருக்கும், அவர் உங்கள் பக்கம் வர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அந்த நகராட்சி அலுவலகத்தின் எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். எந்த வரிசையில் கிரேடர் வரும் என்று கேட்டால் சொல்வார்கள். வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ நோயாளியோ இருந்தால் அதையும் சொல்லி வையுங்கள்.

தனியாக இருந்தீர்கள் என்று எழுதியதைப் படித்து எனக்கு மனது கஷ்டமாக இருந்தது. அடுத்த நல்ல நாளில் இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் நேரில் போய்க் கதவைத் தட்டுங்கள். ஒரு மைல் தள்ளி இருந்தாலும் இங்கே அது பக்கத்து வீடுதான். பெயரும் ஃபோன் எண்ணும் கொடுங்கள், அவர்களுடையதை வாங்கிக்கொள்ளுங்கள். "புயல் வந்தால் காலையும் மாலையும் ஒரு முறை பேசலாமா?" என்று கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை. இந்தக் கேள்வியைக் கேட்டால் மறுக்கிறவர்களை நான் இந்தப் பக்கத்தில் பார்த்ததில்லை. நான் பார்க்கும் முதியவர்களில் பலர் உங்களைப் போல ஒருவர் ஃபோன் செய்ய மாட்டாரா என்று காத்திருக்கிறவர்கள்.

கணவரிடம் சொல்லுங்கள், நெடுஞ்சாலை திறந்த செய்தி கேட்டதும் உங்களுக்கு ஃபோன் செய்யட்டும். நீங்கள் ஜன்னலில் பார்த்து, கிரேடர் போய்விட்டதா என்று சொல்லுங்கள். போகவில்லை என்றால் அவர் வேலை இடத்திலேயே தூங்கட்டும். இடையில் உங்களுக்குக் காய்ச்சல், வயிற்றுவலி என்று ஏதாவது வந்து, ஆம்புலன்ஸ் வேண்டிய அவசரம் இல்லை என்றால், சஸ்காட்செவனில் 811-க்கு அழையுங்கள். எந்நேரமும் ஒரு செவிலியர் பேசுவார். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் ஏற்பாடு செய்வார்கள்.